ஊட்டியில வாங்கின யூகலிப்டஸ் தைலம்: குழந்தை சளிக்கு, மாமனார் முட்டி வலிக்கு எப்படி யூஸ் பண்றது?

வாசுகி_திருப்பூர்:

எல்லாருக்கும் வணக்கங்க. லீவுக்கு குடும்பத்தோட ஊட்டி போயிட்டு வந்தோங்க. இறங்கி வர்ற வழியில தைலம் விக்கிற கடையில வண்டிய நிறுத்தி, யூகலிப்டஸ் தைலம் 100 மில்லி பாட்டில் ரெண்டு, லெமன்கிராஸ் ஒண்ணு, அப்புறம் கடைக்காரர் "முட்டி வலிக்கு இதுதான் ஸ்பெஷல்"னு எடுத்துக் குடுத்த சின்ன பாட்டில் ஒண்ணுன்னு மொத்தமா வாங்கிட்டு வந்துட்டோங்க. இப்ப வீட்டுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எனக்கு எத கேக்கறதுன்னே தெரியல.

சின்னவனுக்கு பத்து மாசம், ஊர்ல இருந்து வந்ததுலேர்ந்து மூக்கு அடைச்சு ராத்திரி எல்லாம் தூங்காம அழுவறான். அத்தை என்ன சொல்றாங்கன்னா ரெண்டு சொட்டு உள்ளங்கையில விட்டு நெஞ்சுலயும் முதுகுலயும் தேய்ச்சு விடு, தலகாணி ஓரத்துல ஒரு சொட்டு விடு, நாங்கெல்லாம் உங்க வீட்டுக்காரருக்கு அப்படித்தான் பண்ணினோம்னு. எனக்கு அந்த வாசனை மூக்குல ஏறுற ஏத்தத்தப் பார்த்தா பச்சக் குழந்தைக்குப் போடவே பயமா இருக்குங்க. பெரியவளுக்கு ஏழு வயசு, அவளுக்காவது போடலாமான்னு தெரியணும்.

மாமாவுக்கு 68 வயசு, ரெண்டு முட்டியும் வலி, மாடிப்படி ஏற முடியல. அவருக்கு இதய வால்வு ஆபரேஷன் ஆகியிருக்கு, ரத்தம் உறையாம இருக்க தினமும் மாத்திரை போடறாரு. தைலம் மேல தடவறதுதானே, மாத்திரைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு வீட்டுக்காரர் சொல்றாரு. அவருக்கே சைனஸ் இருக்கு, ஆவி பிடிக்கறதுக்கு எத்தனை சொட்டு விடணும்னு கேக்கறாரு.

இதுல வாட்ஸ்அப்ல வேற ஒரு மெசேஜ் சுத்துது, வெந்நீர்ல ரெண்டு சொட்டு விட்டு வெறும் வயித்துல குடிச்சா நெஞ்சுச்சளி கரையும் சுகரும் குறையும்னு. அது நிஜமாங்க? அப்புறம் முக்கியமா, நாங்க வாங்கினது ஒரிஜினல்தானான்னு எப்படி கண்டுபிடிக்கறது? ஒரே ரோட்டுல கடைக்கு கடை விலை அவ்ளோ வித்தியாசமா இருந்துச்சு. தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

⸻

கோத்தகிரிக்காரன்:

வணக்கம் சிஸ்டர். எங்க ஊரு கோத்தகிரி பக்கம், எங்க தாத்தா தைலம் காய்ச்சுற கொட்டாய் வெச்சிருந்தவர், அதனால அந்த ஒரிஜினல் விஷயத்த மட்டும் நான் சொல்றேன், மருந்து விஷயம் தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

மொதல்ல இது எப்படி வருதுன்னு தெரிஞ்சாத்தான் விலை ஏன் அப்படின்னு புரியும். பெரிய செம்புப் பாத்திரத்துல இலைய நெருக்கி அமுக்கி, அடியில தண்ணி விட்டு, மூடி போட்டு ஆவி வெளிய போகாம சுத்தி பூசி, கீழ விறகும் ஏற்கனவே காய்ச்சின சக்கை இலையும் போட்டு எரிப்பாங்க. ஆவி ஒரு குழாய் வழியா பச்சத்தண்ணித் தொட்டிக்குள்ள சுத்திச் சுத்தி போய் குளிர்ந்து, கடைசில தண்ணியும் எண்ணெயுமா சொட்டும், எண்ணெய் லேசானது அதனால மேல மிதக்கும், அத தனியா எடுத்துக்குவாங்க. இதுக்கே பல மணி நேரம் அடுப்ப விட்டு நகராம ஆள் உட்காரணும், தீ ஏறினாலும் கெட்டுது குறைஞ்சாலும் கெட்டுது. இவ்ளோ பண்ணி நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோ தைலம் வந்தா சந்தோஷம், சீசன் நல்லா இருந்தா அதுக்கு மேல கொஞ்சம் வரும். இலை பொறுக்குற பொம்பளைங்க கூலி, விறகு, ஆள் கூலி எல்லாம் கூட்டிப் பாருங்க. அப்ப ரோட்டோரத்துல ஒரு டீ பன் காசுக்கு ஒரு பாட்டில் "சுத்தமான நீலகிரி தைலம்" எப்படிங்க குடுக்க முடியும்?

மரம் நம்ம மரம் இல்ல, ஆஸ்திரேலியா மரம். நீலகிரிக்கு 1843-ல காட்டன்னு ஒரு ராணுவ கேப்டன் கொண்டு வந்தார்னு மாவட்ட வரலாறுல எழுதியிருக்காங்க. அப்ப ஊட்டி குளிருக்கு விறகு வேணும்னு சோலைக்காட்ட வெட்டி அழிச்சுட்டு இருந்தாங்க, இது சரசரன்னு வளருதுன்னு 1850, 60-கள்ல மலை மலையா நட்டு விட்டாங்க. அதுல புல்வெளியும் சோலையும் போச்சு, ஊத்துத் தண்ணி குறைஞ்சுதுன்னு எங்க ஊர் பெருசுங்க இன்னிக்கும் சொல்வாங்க. இப்ப வெளிநாட்டு மரங்கள எடுத்துட்டு சோலைய திரும்பக் கொண்டு வர வேலை நடக்குது, அது நடக்க வேண்டிய வேலைதான். ஆனா காய்ச்சுறவங்களுக்கு இலை கிடைக்கறது குறைஞ்சு போச்சு, கொட்டாய்ங்க ஒண்ணொண்ணா மூடிட்டு வருது. அதுக்கு மேல சீனாவுலேர்ந்து வர்ற சரக்கு. யூகலிப்டஸ் எண்ணெய்னு பேர்ல அங்கேர்ந்து வர்றதுல பெரும்பங்கு கற்பூர மர எண்ணெய்ல இருந்து சினியோல பிரிச்சு எடுத்தது. சினியோல்ங்கறதுதான் இந்த தைலத்தோட உயிர், அந்த மூக்குல ஏறுற வாசனை அதுதான், மருந்துத் தரம்னா அது 70 சதவீதத்துக்குக் குறையக்கூடாதுன்னு ஐரோப்பிய மருந்து நூல் சொல்லுது. ஆக சீனா சரக்குலயும் சினியோல் இருக்கும், ஆனா எங்க மலை இலையில வர்ற அந்த முழு வாசனை இருக்காது, மோந்து பழகினவங்களுக்கு வித்தியாசம் தெரியும்.

வீட்டுல ஒரு டெஸ்ட் பண்ணலாம். வெள்ளைப் பேப்பர்ல ஒரு சொட்டு விட்டு ஃபேனுக்கு அடியில வைங்க, நல்ல தைலம் கொஞ்ச நேரத்துல பறந்துடும், பேப்பர்ல எண்ணெய்ப் பிசுக்கு நிக்காது. வடை வெச்ச காகிதம் மாதிரி கறை அப்படியே நின்னா பாரஃபினோ வேற சமையல் எண்ணெயோ கலந்திருக்காங்கன்னு அர்த்தம். கலர் தண்ணி மாதிரி இல்லன்னா லேசான மஞ்சள், பச்சையா இருந்தா வாங்காதீங்க. ஆனா டர்பன்டைன் கலந்திருந்தா இந்த டெஸ்ட்ல மாட்டாது, அதுவும் பறக்கற எண்ணெய்தான், லேப்ல குடுத்தாத்தான் தெரியும். அதனால தயாரிச்சவங்க முகவரி, பேட்ச் நம்பர், லைசன்ஸ் நம்பர் எல்லாம் லேபிள்ல இருக்கான்னு பாருங்க, வெறும் மலை படம் மட்டும் போட்ட பாட்டில்னா உடம்புல போடாதீங்க, தரை துடைக்க வெச்சுக்கலாம்.

அந்த "முட்டி ஸ்பெஷல்" பாட்டில் என்னன்னு லேபிள்ல சின்ன எழுத்துல பாத்து சொல்லுங்க சிஸ்டர். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு.

⸻

செவிலி_மதுரை:

வாசுகிம்மா, நான் குழந்தைங்க வார்டுல வேலை பாக்குற நர்ஸ். நீ பயந்தது சரிதான், அந்த பயத்த விட்டுராத. பத்து மாசக் குழந்தைக்கு இந்த தைலம் நெஞ்சுல வேணாம், முதுகுல வேணாம், தலகாணில வேணாம், உள்ளங்கால்ல சாக்ஸுக்குள்ள வேணாம், எங்கயுமே வேணாம்.

ஏன்னு சொல்றேன். கைக்குழந்தைக்கு மூச்சுக்குழாய் ரொம்ப சின்னது, இந்த மாதிரி காரமான ஆவி மூக்குக்குப் பக்கத்துல வந்தா தொண்டை இறுகி மூச்சே ஒரு நிமிஷம் தடுமாறும், சளி இன்னும் கூடவும் செய்யும். மெந்தால் கலந்த பாம் எல்லாம் இதுல இன்னும் மோசம். தோலும் மெல்லிசு, உள்ள இழுத்துக்கும். அப்புறம் கைய வாயில வைக்கும், கண்ணக் கசக்கும். ரெண்டு வயசுக்குக் கீழ இருக்கற எந்தக் குழந்தைக்கும் கற்பூரம், மெந்தால், யூகலிப்டஸ் இருக்கற எதையும் போடாதீங்கன்னுதான் நாங்க எல்லா அம்மாக்களுக்கும் சொல்றது. உங்க அத்தை கெட்டதுக்கு சொல்லல, அவங்க அன்புல சொல்றாங்க, அவங்க காலத்துல பாட்டில்ல எவ்ளோ ஸ்ட்ராங்கா இருந்துச்சு, எத்தனை குழந்தைக்கு ஒத்துக்காம போச்சுன்னு யாரும் எழுதி வைக்கல. பக்குவமா எடுத்துச் சொல்லு, டாக்டர் வேணாம்னுட்டாருன்னு சொன்னா கேட்டுக்குவாங்க.

மூக்கடைப்புக்கு மெடிக்கல்ல சலைன் டிராப்ஸ் கிடைக்கும், வெறும் உப்புத் தண்ணிதான், பால் குடுக்கறதுக்கு முன்னாடியும் தூங்க வைக்கறதுக்கு முன்னாடியும் ஒவ்வொரு மூக்குலயும் ரெண்டு சொட்டு விட்டு கொஞ்சம் கழிச்சு மெதுவா துடைச்சு எடு. அடிக்கடி தாய்ப்பால் குடு, மூக்கு அடைச்சிருந்தா குழந்தை ஒரே மூச்சா குடிக்க முடியாது, கொஞ்சம் கொஞ்சமா குடிக்கட்டும். நெஞ்சு உள்வாங்குது, மூச்சு வேகமா விடுது, பால் குடிக்க மாட்டேங்குது, உதடு நிறம் மாறுது, இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் ராத்திரின்னு பாக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு.

ஏழு வயசு பாப்பாவுக்கு இளைப்பு, ஃபிட்ஸ் எதுவும் இல்லன்னா, தேங்காய் எண்ணெய்ல நல்லா கலந்து, முதுகுல மட்டும் லேசா தடவலாம், முகத்துல மூக்குக்குக் கீழ கூடாது. ஆனா பாப்பாவுக்கு ஆவி பிடிக்க வெந்நீர் சட்டிய முன்னாடி வைக்காத. சட்டி கவுந்து தொடையும் வயிறும் வெந்து வர்ற பிள்ளைங்கள நான் பாத்துட்டே இருக்கேன், கொரோனா நேரத்துல ரொம்ப. சளி ஒரு வாரத்துல போயிரும், அந்தத் தழும்பு போகாது.

இப்ப அந்த வாட்ஸ்அப் மெசேஜ். அத அனுப்புனவங்க கிட்ட தயவு செஞ்சு டெலிட் பண்ண சொல்லு. இந்த தைலத்த குடிக்கவே கூடாது. சின்னக் குழந்தை ஒரு டீஸ்பூன் குடிச்சாலே ஆபத்து, அரை மணி நேரத்துக்குள்ளயே தொண்டை எரிச்சல், வாந்தி, தள்ளாட்டம், மயக்கம், ஃபிட்ஸ் வரைக்கும் போகும். இருமல் மருந்து பாட்டில்னு நினைச்சு அவசரத்துல தைலத்த ஊத்திக் குடுத்துட்டு தூக்கிட்டு வர்றவங்க இருக்காங்க, அதனால மருந்து வைக்கற இடத்துல தைலத்த வைக்காதீங்க, சின்னவன் தவழ ஆரம்பிச்சிருப்பான், எட்டாத உசரத்துல பூட்டி வைங்க. ஒருவேளை யாராவது குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, உப்புத்தண்ணி குடுக்கறது, விரல விடுறது எதுவும் கூடாது, எண்ணெய் நுரையீரலுக்குள்ள போனா நிமோனியா ஆயிரும். 108-க்கு போன் போட்டு, அந்த பாட்டிலையும் கையோட எடுத்துட்டுப் போங்க, எவ்ளோ குறைஞ்சிருக்குன்னு டாக்டர் பாக்கணும்.

⸻

பார்மசி_கணேஷ்:

நர்ஸ் அக்கா சொன்னது ஒவ்வொண்ணும் கரெக்ட். நான் மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கேன், பெரியவங்களுக்கு எப்படின்னு நான் சொல்றேன்.

சைனஸுக்கு ஆவி: தண்ணிய கொதிக்க வெச்சு அடுப்ப அணைச்சு, கீழ இறக்கி வெச்சு, ஒரு ரெண்டு நிமிஷம் ஆறவிட்டு அப்புறம் ரெண்டு மூணு சொட்டு, அவ்ளோதான். அடுப்பு எரியும்போது விடாதீங்க, இந்த எண்ணெய் சீக்கிரம் தீப்பிடிக்கற எண்ணெய், சுமார் 50 டிகிரி சூட்டுலயே அதோட ஆவி பத்திக்கும். கண்ண மூடிக்கணும், இல்லன்னா எரியும். முகத்த சட்டிக்குள்ள கொண்டு போய் வைக்காம ஒரு முழம் தள்ளி, அஞ்சு நிமிஷம் போதும். ஆஸ்துமா இருக்கறவங்க இத பண்ண வேணாம், சிலருக்கு இந்த வாசனையே இளைப்ப கிளப்பிவிடும்.

இது எப்படி வேலை செய்யுதுன்னா, பாதி நிஜமாவே சளிய இளக்குறது, பாதி உணர்வு. மூக்குக்குள்ள குளிர்ச்சிய உணர்ற நரம்பு இருக்கு, சினியோல் அத தட்டி விடுது, அதனால காத்து தாராளமா போற மாதிரி நமக்குத் தோணும். அடைப்பு அப்படியே இருந்தாலும் திறந்த மாதிரி இருக்கும். அது தப்பில்ல, ராத்திரி தூங்க முடியாதவனுக்கு அந்த உணர்வே பெரிய விஷயம். ஆனா காய்ச்சல், மஞ்சளா கெட்டியா சளி, கன்னத்து எலும்புல வலி எல்லாம் பத்து நாளைக்கு மேல இருந்தா ஆவி பிடிச்சுட்டே உட்காராம இ.என்.டி டாக்டர பாக்கணும். ஜெர்மனியில இதே சினியோல 200 மில்லிகிராம் கேப்ஸ்யூலா மருந்துக்கடையில விக்கறாங்க, மூச்சுக்குழாய் அழற்சி, சைனஸுக்கெல்லாம் ஆராய்ச்சி பண்ணி வந்த மருந்து அது. இத சொல்லித்தான் "பாத்தீங்களா வெள்ளைக்காரனே உள்ளுக்கு சாப்பிடறான்"னு சிலர் குடிக்கச் சொல்றாங்க. அது சுத்தம் பண்ணி, அளந்து, வயித்துல கரையாம குடல்ல கரையற மாதிரி பண்ணின மாத்திரை. ரோட்டோரம் வாங்கின பாட்டில்ல இருந்து விடுற சொட்டு அது இல்ல. சுகருக்குன்னு சொல்றதுக்கு எந்த ஆதாரமும் இல்ல, சுகர் மாத்திரைய நிறுத்திட்டு இத குடிச்சு உடம்ப கெடுத்துக்காதீங்க.

முட்டி வலிக்கு: நேரடியா ஊத்தித் தேய்க்கக்கூடாது. 30 மில்லி தேங்காய் எண்ணெய் இல்ல நல்லெண்ணெய்க்கு 12 சொட்டு, அதாவது ரெண்டு சதவீதம் வரும், அந்தக் கலவைய முன்னங்கை உள்பக்கம் ஒரு இடத்துல தடவி ஒரு நாள் பாருங்க, சிவக்கல அரிக்கலன்னா முட்டில தேய்க்கலாம். தேய்ச்சுட்டு மேல துணி கட்டறது, வெந்நீர்ப்பை வைக்கறது வேணாம், கொப்பளிச்சுரும். தேய்மானத்த இது சரி பண்ணாது, சூடும் குளிர்ச்சியுமா நரம்ப ஏமாத்தி வலிய கொஞ்ச நேரம் மறக்க வைக்கும், கூடவே தேய்க்கறதுல தசை தளரும். நிஜமா முட்டிக்கு நல்லது பண்றது தொடைத் தசைக்கான உடற்பயிற்சிதான், பிசியோதெரபிஸ்ட் கிட்ட ஒரு தடவை காட்டி கத்துக்கச் சொல்லுங்க.

ஆனா உங்க மாமா விஷயத்துல எனக்கு ஒரு பெரிய கவலை இருக்கு. கோத்தகிரி அண்ணன் சந்தேகப்படறது என்னன்னு எனக்குப் புரியுது. நீலகிரியில முட்டி வலிக்குன்னு விக்கறது பெரும்பாலும் விண்டர்கிரீன் தைலம். அதுல இருக்கறது கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினோட சொந்தக்காரன். ஒரு டீஸ்பூன்ல சுமார் 20 ஆஸ்பிரின் மாத்திரைக்கு சமமான அளவு இருக்கு. அது தோல் வழியா உள்ள போகும். வால்வு ஆபரேஷன் ஆனவங்க போடற வார்ஃபரின், அசினோகூமரால் மாதிரி மாத்திரையோட இது சேர்ந்தா ரத்தம் ரொம்ப நீர்த்துப் போய் ஈறுல, மூக்குல, சிறுநீர்ல ரத்தம் வரலாம், ஐ.என்.ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்ளோ நேரம் ஆகுதுன்னு டெஸ்ட்ல பாக்கற அளவு, எகிறிரும். மேல தடவறதுதானேன்னு உங்க வீட்டுக்காரர் சொல்றது இந்த ஒரு தைலத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. லேபிள பாக்கற வரைக்கும் அந்தச் சின்ன பாட்டில மாமா கிட்ட குடுக்காதீங்க.

இன்னொண்ணு, வீட்டுல யாருக்காவது ஃபிட்ஸ் இருந்தா யூகலிப்டஸ், கற்பூரம் ரெண்டுமே தள்ளி வைக்கணும். பெங்களூர் நரம்பியல் டாக்டர்கள் தென்னிந்திய ஆஸ்பத்திரிகள்ல பண்ணின ஆய்வு 2021-ல வந்துச்சு, ஃபிட்ஸோட வந்த 350 பேர்ல 55 பேருக்கு இந்த மாதிரி தைலம், பாம் தடவினது, மோந்ததோட சம்பந்தம் இருந்திருக்கு. நம்ம ஊர்ல ஃபிட்ஸ் வந்தவங்க கிட்ட தைலம் தடவுனீங்களான்னு டாக்டர்களே கேக்கறதில்ல, நாமளா சொல்லணும்.

⸻

முத்து_புதுக்கோட்டை:

எல்லாரும் சேர்ந்து தைலத்த விஷம் மாதிரி ஆக்கிட்டீங்களே. எங்க ஊர்ல சுத்தி எங்க பாத்தாலும் தைலமரக் காடுதான், சின்ன வயசுல சளி பிடிச்சா எங்க அப்பத்தா தைல இலை, நொச்சி இலை, வேப்பிலை, மஞ்சத்தூள் எல்லாம் ஒரு பானையில போட்டு வேடு கட்டி கொதிக்க வெச்சு, கம்பளிய போத்தி ஆவி பிடிக்க வைக்கும், வேர்த்து ஊத்தி எழுந்திரிச்சா சளி எங்க போச்சுன்னு தெரியாது. நாங்க எல்லாம் நல்லாத்தானே இருக்கோம். எங்க ஊர் மரத்து இலையிலேர்ந்து தைலம் எடுக்கலாமா, ஏன் ஊட்டியில மட்டும் எடுக்கறாங்கன்னு யாராவது சொல்லுங்க.

⸻

கோத்தகிரிக்காரன்:

முத்து அண்ணே, உங்க ஊர் மரம் வேற ஜாதி. எங்க மலையில இருக்கறது குளோபுலஸ், குளிர்ல வளர்றது. உங்க பக்கம் நட்டிருக்கறது டெரட்டிகார்னிஸ்னு சொல்ற சமவெளி ரகமும் அதோட கலப்பும், பேப்பர் மில்லுக்குக் கூழ் எடுக்க வளர்க்கறது. அந்த இலையில எண்ணெயும் கம்மி, சினியோலும் கம்மி, காய்ச்சினா விறகுக் கூலி கூட கட்டாது. ஆனா அப்பத்தா வைத்தியத்துக்கு அதுவே நல்லது, ஒரு கைப்பிடி இலையில இருக்கற எண்ணெய் ரொம்ப கொஞ்சம், அதுவும் தண்ணில கலந்து மெதுவா வரும். பாட்டில்ல இருக்கறது கிலோ கிலோவா இலைய சுருக்கினது, அதே கை அளவுல ஊத்தக்கூடாதுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க.

⸻

செவிலி_மதுரை:

ஆமா தம்பி, இலை போட்டு பெரியவங்க ஆவி பிடிக்கறத நான் ஒரு வார்த்தை குறை சொல்லல. எங்க வீட்டுலயும் நொச்சி இலைதான். பானையும் கம்பளியும் சின்னப் பிள்ளைக்கு வேணாம், பாட்டில் தைலம் கைக்குழந்தைக்கு வேணாம், குடிக்க யாருக்குமே வேணாம். அதுல மட்டும் நான் பிடிவாதமாத்தான் இருப்பேன்.

⸻

ரேவதி_தாம்பரம்:

வாசுகி, ரெண்டு பாட்டில் வாங்கிட்டு உடம்புக்கு இவ்ளோ கண்டிஷனான்னு யோசிக்காதீங்க, வீட்டு வேலைக்கு இது எனக்கு இல்லாம ஓடாது. பாட்டில்ல, டிபன் பாக்ஸ்ல ஒட்டின ஸ்டிக்கர் பசை போகலன்னா பஞ்சுல கொஞ்சம் நனைச்சு தடவி விட்டு கொஞ்ச நேரம் கழிச்சு துடைச்சா வழிச்சுட்டு வந்துரும். பசங்க யூனிஃபார்ம்ல சூயிங்கம், பால் பாயின்ட் பேனா கறை, சைக்கிள் செயின் கிரீஸ் எல்லாத்துக்கும் இதுதான், பின்பக்கமா தடவி சோப்பு போட்டு அலசணும், முதல்ல ஓரத்துல ஒரு இடத்துல சாயம் போகுதான்னு பாத்துக்கோங்க. பளபளன்னு இருக்கற பிளாஸ்டிக் மேலயும் பெயின்ட் மேலயும் படவிடாதீங்க, மங்கிப் போயிரும்.

மழைக்காலத்துல வீடு துடைக்கற தண்ணில அரை மூடி விட்டா அந்த ஈர நாத்தம் போகும். தண்ணியோட அது கலக்காது, அதனால முதல்ல ஃப்ளோர் கிளீனர்லயோ சோப்பு லிக்விட்லயோ கலந்துட்டு அப்புறம் பக்கெட்ல ஊத்தணும். தூசி அலர்ஜி இருக்கற வீட்டுல போர்வை, தலகாணி உறை துவைக்கறப்ப சோப்பு லிக்விடோட சேர்த்து போட்டா கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி நிறைய செத்துப் போகுதுன்னு ஆஸ்திரேலியாக்காரங்க சோதிச்சுப் பாத்திருக்காங்க, என் பொண்ணு தும்மலுக்கு எனக்கு அது நல்லாவே உதவுது. சின்னவன் துணிய மட்டும் இதுல போடாதீங்க, அத தனியா சாதா சோப்புல துவைச்சுருங்க.

கொசுவுக்குன்னு நினைச்சு வாங்கியிருந்தா ஒரு விஷயம். கொசு விரட்டின்னு உலகம் பூரா சொல்ற லெமன் யூகலிப்டஸ்ங்கறது வேற மரம், அதுல இருந்து எடுத்து தயார் பண்ற பி.எம்.டி-ங்கற பொருள்தான் கொசுவ தள்ளி வைக்குது, அதுவே மூணு வயசுக்குக் கீழ போடக்கூடாது. ஊட்டித் தைலம் தடவினா கொஞ்ச நேரம் கொசு தள்ளி நிக்கும், அவ்ளோதான். டெங்கு சீசன்ல இத நம்பி வலை கட்டாம தூங்காதீங்க. வீட்டுல பூனை இருந்தா டிஃப்யூசர்ல போட்டு ராத்திரி பூரா ஓட விடாதீங்க, பூனையோட கல்லீரலுக்கு இந்த எண்ணெய எல்லாம் கரைச்சு வெளியேத்துற சக்தி இல்ல, ரோமத்துல பட்டா நக்கி உள்ள போயிரும்.

⸻

வாசுகி_திருப்பூர்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றிங்க. லேபிள பாத்தேன். முன்னாடி பெருசா மூட்டு வலி தைலம்னு போட்டு, பின்னாடி ஓரத்துல பொடி எழுத்துல விண்டர்கிரீன் ஆயில்னு இருக்குதுங்க. கணேஷ் அண்ணா சொல்லலன்னா அன்னிக்கு ராத்திரியே மாமாவுக்குத் தேய்ச்சு விட்டிருப்போம். அத எடுத்து பீரோ மேல தனியா வெச்சுட்டேன். மாமாவோட மாத்திரை அட்டையில வார்ஃபரின்னுதான் இருக்குது. அவருக்கு அந்த யூகலிப்டஸ், நல்லெண்ணெய்ல கலந்தது மட்டும் போடலாமா, இல்ல அதுவும் டாக்டர கேட்டுட்டுத்தானா?

பேப்பர் டெஸ்ட் பண்ணினேன் கோத்தகிரி அண்ணா, ரெண்டு பாட்டில்ல ஒண்ணு சுத்தமா பறந்துருச்சு, இன்னொண்ணு கறை அப்படியே நிக்குது, ரெண்டும் ஒரே கடையிலதாங்க வாங்கினோம். சின்னவனுக்கு சலைன் டிராப்ஸ் விட்டேன் அக்கா, நேத்து கொஞ்சம் தூங்கினான். அத்தைகிட்ட டாக்டர் வேணாம்னு சொல்லிட்டாருன்னே சொல்லிட்டேன், ஒண்ணும் சொல்லல.

⸻

பார்மசி_கணேஷ்:

நல்ல வேளைங்க. வார்ஃபரின்ல இருக்கறவங்களுக்கு நீர்க்கக் கலந்த யூகலிப்டஸ் மேல தடவறதுக்கு விண்டர்கிரீன் மாதிரி பெரிய பயம் இல்ல, ஆனாலும் அடுத்த ஐ.என்.ஆர் பாக்கப் போறப்ப டாக்டர்கிட்ட பாட்டில காட்டி கேட்டுட்டு ஆரம்பிங்க, அது வரைக்கும் சும்மா நல்லெண்ணெய சூடு பண்ணி தேய்ச்சு விடுங்க, அதுவே இதமா இருக்கும். வலி தாங்கலன்னு கடையில கேட்டு வலி மாத்திரை எதையும் அவருக்கு நீங்களா வாங்கிக் குடுத்துராதீங்க, அந்த மாத்திரைங்க வயித்துல ரத்தம் கசிய வைக்கும். வலிக்கற இடத்துல ஒட்டற பிளாஸ்டர், ஸ்பிரே, பாம் எல்லாத்துலயும் மெத்தில் சாலிசிலேட்னு இருக்கான்னு இனிமே பாத்தே வாங்குங்க, நிறைய இதுல இருக்கும்.

⸻

கோத்தகிரிக்காரன்:

கறை நின்ன பாட்டில உடம்புக்கு வேணாம், ரேவதி அக்கா சொன்ன ஸ்டிக்கர் பசைக்கு வெச்சுக்கோங்க. நல்ல பாட்டில் பிளாஸ்டிக்ல இருந்தா பழுப்புக் கண்ணாடி பாட்டில்ல மாத்திருங்க, நாளாக நாளாக இந்த எண்ணெய் சில பிளாஸ்டிக்க அரிக்கும். மூடிய இறுக்கி வெயில் படாம வைங்க, பூஜை அறை விளக்குப் பக்கம் வேணாம். வருஷக்கணக்குல கிடந்து காத்து பட்டு கெட்டியாகி வாசனை மாறிப் போச்சுன்னா தோல்ல போடாதீங்க, பழசு அரிப்பக் கிளப்பும். அடுத்த தடவை ஊட்டி வந்தா 100 மில்லி வேணாம், வீட்டுக்கு 30 மில்லி தாராளம்.